கேரம் பலகையில் முழங்கை

மடக்க முடியும், நீட்ட முடியாது. கழுத்துக்குள் தண்டுவடம் நசுங்கிய பிறகு என் இரண்டு கைகளும் இந்த ஒரே கொள்கையில் பிடிவாதமாக நின்றன. டம்ளரை வாய்க்குக் கொண்டுவரும். திருப்பி மேஜைமேல் வைக்கச் சொன்னால், அது எங்கள் வேலை இல்லை என்று மார்பின்மேல் படுத்துக்கொள்ளும். இடது கை கொஞ்சம் பரவாயில்லை. வலது கை மடங்கினால் மடங்கியதுதான், யாராவது வந்து பிரித்துவிட வேண்டும்.

மழையில்தான் விழுந்தேன். அடையாறில் ஒரு சந்து திரும்புகிற இடத்தில், முந்தின நாள் இல்லாத ஒரு வேகத்தடை, வெள்ளைக்கோடு இல்லாமல், தேங்கிய தண்ணீருக்கடியில் முதலை மாதிரி படுத்திருந்தது. ஸ்கூட்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எழுந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். நினைப்பு எழுந்தது, நான் எழவில்லை. அதுவரை ஊரைக் காலால் அளந்துகொண்டிருந்தவன். லஸ்ஸிலிருந்து கடற்கரை, கடற்கரையிலிருந்து அடையாறு முகத்துவாரம், அங்கிருந்து எங்கே என்று தெரியாத ஒரு தெரு. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த நடை நின்றுபோனதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. கால்களோடு என் வழக்கு முடிந்துவிட்டது. இது கை விவகாரம்.

கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறக் கால் தேவையில்லை. முழங்கையை நீட்டி, இரண்டு கையையும் ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் தூக்கினால் போதும். நடுவில் ஒரு வழவழப்பான பலகையைப் பாலம்போலப் போட்டு, அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போய்விடலாம். முழங்கை நீளவில்லை என்றால் பலகை வெறும் பலகைதான்.

என் மனைவி தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள். எனக்காக நீண்ட விடுப்பில் இருந்தாள். ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் வந்துவிடு, இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அவள் போய்விட்டால் பகலில் என்னைக் கட்டிலிலிருந்து இறக்க ஆள் கிடையாது. அசோக் நகரில் என் அண்ணன் ஏற்கெனவே பின்பக்க அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, ஃபேன் மாற்றி வைத்திருந்தார். நல்ல மனுஷர். அதுதான் பயமே. கெட்ட மனுஷர் வீட்டிலிருந்து ஒருநாள் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடலாம். நல்ல மனுஷர் வீட்டுப் பின்னறையிலிருந்து திரும்பி வந்தவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது.

ஆக, நான் மயிலாப்பூரில் என் வீட்டில் இருப்பதா, அசோக் நகர்ப் பின்னறையில் இருப்பதா என்பதை முடிவுசெய்கிற அதிகாரம் மேல்கையின் பின்பக்கத்தில் இருக்கிற ஒரு தசைக்குப் போய்விட்டது. அதைத் தொட்டுப் பார்த்தால் பழைய தலையணைப் பஞ்சு மாதிரி இருந்தது.

பிசியோதெரபி செய்ய வருகிற பெண்தான் அந்த மெஷினைக் கொண்டுவந்தாள். தரமணிப் பக்கம் எங்கேயோ வேலை. அது முடிந்து, சாயங்காலம் ஸ்கூட்டரில் வீடுவீடாகப் போகிறவள். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள். ஒருநாள் பையிலிருந்து ஷேவிங் மெஷினை விடக் கொஞ்சம் பெரிதாக, நுனியில் உருண்டையான ஒரு ரப்பர் மூக்கோடு ஒன்றை எடுத்தாள். பட்டனை அழுத்தியதும் உறுமியது.

எனக்கு அது உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. ரங்கநாதன் தெருவில், கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு, போகிற வருகிறவர்கள் தோளில் கேட்காமலே வைத்துவிடுவார்கள். பொருட்காட்சியில் முட்டிவலிக்கு என்று விற்பார்கள். வாங்கிப் போனவர்கள் வீட்டில் மூன்றாம் நாள் அது அலமாரிக்குப் போய்விடும்.

"இது அதுதானே," என்றேன்.

"அது இல்ல சார். அதோட படிச்ச தங்கச்சி," என்றாள். "உங்க மூளையிலேருந்து கைக்கு வர்ற தகவல் முழுசா அறுந்துபோகல. கொஞ்சம் வருது. டவர் சரியா இல்லாத போன் மாதிரி. இதை முழங்கைக்குப் பின்னாடி, தசைநார் மேல வெச்சு அதிர விட்டா, யாரோ தன்னைப் பிடிச்சு இழுக்கிறாங்கன்னு தசை நெனச்சுக்கும். உடனே தானா சுருங்கப் பாக்கும். அதே நேரத்துல நீங்களும் தள்ளுங்க. ரெண்டும் சேர்ந்தா கை நீளும்."

"தசையை ஏமாத்துறோம்னு சொல்லுங்க."

"ஆமா சார். லைட்டா."

"எல்லாருக்கும் இது கேக்குமா?"

"கேக்காது. சில பேருக்குக் கேக்கும். உங்களுக்கு எப்படின்னு பாக்கணும்."

ஏமாற்றுகிறோம் என்று ஒப்புக்கொண்டு ஏமாற்றுகிறவர்களிடம் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது இந்த ஊர் எனக்குக் கற்றுக்கொடுத்தது. சரி என்று தலையாட்டினேன். கவனிக்க ஆரம்பித்தேன்.

ஆஸ்பத்திரியில் இதற்கென்று ஒரு பலகை வைத்திருப்பார்களாம். பவுடர் தூவி, கையை அதன்மேல் கிடத்தினால், கையின் எடையைப் பலகை சுமந்துகொள்ளும். தசைக்குத் தள்ளுகிற வேலை மட்டும்தான் மிச்சம். "வீட்ல கேரம் போர்டு இருக்கா?" என்று கேட்டாள். சென்னையில் கேரம் போர்டு இல்லாத வீடு ஏது. பீரோவுக்குப் பின்னாலிருந்து என் மனைவி இழுத்துவந்து தூசி தட்டினாள். கூடத்தில் டீப்பாய், அதன்மேல் பழைய சூட்கேஸ், அதன்மேல் போர்டு. என் மார்பு உயரத்துக்கு வந்தது. பவுடரைத் தூவித் தேய்த்தார்கள். வலது கையை மடக்கியபடி அதன்மேல் கிடத்தினார்கள். மெஷின் உறுமியது.

"தள்ளுங்க சார். அந்தப் பக்கத்துக் குழி வரைக்கும் விரல் போகணும்."

தள்ளினேன். தள்ளினேன் என்று எழுதுவது சுலபம். உள்ளே எங்கேயோ ஒரு இருட்டான அறையில் நின்றுகொண்டு, சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தேன். கை நகர்ந்தது. மெதுவாக, பவுடரில் கோடு கிழித்துக்கொண்டு, நடு வட்டத்தைத் தாண்டி, பால்கனிப் பக்கமாக.

என் மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள். பிசியோ பெண், "ரெட் போட்டாச்சு. இப்போ ஃபாலோ போடணும் சார்," என்றாள்.

எனக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. என் கை நகர்ந்ததை நான் பார்த்தேன். நகர்த்தியது நான் என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை.

முதலில் மனைவியைச் சந்தேகப்பட்டேன். சுண்டுவிரலிலிருந்து முழங்கை வரை கையின் அடிப்பக்கம் எனக்கு உணர்ச்சி கிடையாது. ஊசி குத்தினாலும் தெரியாது. அவளோ ஒட்டி உட்கார்ந்துகொண்டு, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர்கள் தாங்களும் வாயைத் திறப்பது மாதிரி, நான் தள்ளும்போதெல்லாம் தானும் தள்ளிக்கொண்டிருந்தாள். புடவை மடித்து மடித்துப் பழகிய விரல்கள். எதன் அடியிலும் சத்தமில்லாமல் நுழைந்து, சுருக்கம் விழாமல் எடுத்து நகர்த்தத் தெரிந்தவை.

"உன் கை எங்கே," என்றேன் மறுநாள்.

"எங்கே இருக்கும். என் உடம்புலதான் இருக்கு."

"மேலே வை. நான் பாக்கிற மாதிரி."

"நான் என்ன செயினையா அறுத்துட்டேன்?" என்றாள். ஆனாலும் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றாள். பிசியோ பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு மெஷினை வைத்தாள். கை நகர்ந்தது.

மனைவி தலையிலிருந்து கையை எடுக்காமலே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை. கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

அதற்கப்புறம் சந்தேகம் மெஷின்மேல் போனது. சைலண்டில் போட்ட போனுக்கு அழைப்பு வந்தால் அது மேஜைமேல் தானாக ஊர்ந்து ஊர்ந்து ஓரத்துக்குப் போகிறது. போனுக்குத் தசை இருக்கிறதா, மனசு இருக்கிறதா. அதிர்கிற எதுவும் ஊரும். என் கையும் ஒரு போன். யாரோ கூப்பிடுகிறார்கள், அது ஊர்கிறது, எடுத்துப் பேசத்தான் ஆள் இல்லை. இதைச் சொன்னபோது பிசியோ பெண் கொஞ்சம் யோசித்தாள். "மெஷினைத் தசைநார்லதானே வெக்கிறேன், போர்டுல இல்லையே சார்," என்றாள். அவள் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. நம்பத்தான் முடியவில்லை.

அந்த வாரமே என் மனைவி கடைக்குப் போன் போட்டுவிட்டாள். கை நீள ஆரம்பிச்சிடுச்சு சார், ஆடிக்கு வந்துடறேன். சமையலறைக்குள் நின்று மெதுவாகத்தான் பேசினாள். படுக்கையில் கிடக்கிறவனுக்குக் காது மட்டும் வளரும் என்பதை அவள் மறந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை கூடம் கழுவுகிற நாள். எங்கள் கட்டடம் பழசு. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் தள்ளிக் கழுவுகிற குடும்பங்களுக்காகக் கட்டியது. நான் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் வாசற்பக்கத்தில் வாளியைக் கவிழ்த்தாள். தண்ணீர் விரிந்தது, கொஞ்சம் யோசித்தது, பிறகு வழி தெரிந்துகொண்டு கிளம்பியது. பீரோவைச் சுற்றி, டீப்பாயின் கால்களுக்கு நடுவே புகுந்து, துடைப்பம் தொடுவதற்கு முன்பே பால்கனிப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அதன்மேல் காலை வெயில் மிதந்தது. அழகாகத்தான் இருந்தது. நான் டீப்பாய்மேல் இருந்த போர்டைப் பார்த்தேன்.

"இங்கே வா. தண்ணி எந்தப் பக்கம் போகுது?"

"பால்கனிப் பக்கம்தான். வாட்டம் அப்படித்தானே வெச்சிருக்கான்."

"என் கை எந்தப் பக்கம் போகுது?"

துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீப்பாயைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். தண்ணீர் அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"உங்களுக்கு நல்லதே நடக்கக் கூடாதா," என்றாள்.

அன்றைக்குக் குழம்பில் உப்பு அதிகம். நான் சொல்லவில்லை.

பிசியோ பெண் வந்ததும், "இவர் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காரும்மா. நீயே கேளு," என்று மட்டும் சொல்லிவிட்டு என் மனைவி சுவரோரமாகப் போய் நின்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் வாதாடவில்லை. தன் போனை எடுத்துப் பவுடர்மேல் வைத்தாள். மெஷினை என் கையில் வைக்காமல், போர்டின் ஓரத்தில் வைத்து அழுத்தினாள். போன் கொஞ்சம் நடுங்கியது. பிறகு பால்கனியைப் பார்த்து நகரத் தொடங்கியது. அவசரமில்லாமல், சாயங்காலம் கடலைப் பார்க்கப் போகிறவர் மாதிரி. மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். குழியில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

"தப்பு என்னுது சார்," என்றாள். "போர்டு வெச்ச அன்னிக்கே மட்டம் பாத்திருக்கணும். எல்லார் வீட்லயும் இதேதான் செய்யறேன். எல்லார் வீட்டுத் தரையும் எந்தப் பக்கம் சாயுதோ."

நான் ஜெயித்துவிட்டேன். இப்படி ஒரு ஜெயம் எதிரிக்குக்கூட வர வேண்டாம். என் மனைவி முகத்தில் ஆடி மாதம் அணைந்துகொண்டிருந்தது. அசோக் நகர்ப் பின்னறையின் புதுச் சுண்ணாம்பு வாசனை இங்கே வரை வந்தது.

"சரி, நாற்காலியைத் திருப்பலாம்," என்றாள் பிசியோ பெண்.

என்னை டீப்பாயின் அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள். பால்கனி இப்போது என் முதுகுக்குப் பின்னால். கையை நீட்ட வேண்டுமானால் மேட்டில் ஏற வேண்டும். மடங்கினால் பள்ளம். முதலில் மெஷின் இல்லாமல் தள்ளச் சொன்னாள். ஒன்றுமில்லை. கை படுத்திருந்தது.

"இப்போ மெஷின் வைங்க. ஆனா நான் தள்ள மாட்டேன்," என்றேன்.

அவள் புரிந்துகொண்டாள். வைத்தாள். உறுமல் எலும்பில் ஏறியது. நான் கையை மறந்து, ஜன்னலுக்கு வெளியே பறக்கும் ரயில் போகிற சத்தத்தைக் கேட்டேன். கை மெதுவாக என்னை நோக்கி, பள்ளத்தை நோக்கி, ஊர்ந்து வந்தது. தசை ஏமாந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஏமாந்த தசை தனியாக மேடு ஏறுகிற அளவுக்கு ஏமாறவில்லை.

"இப்போ தள்ளுறேன்."

தள்ளினேன். சுவரைத் தடவினேன். இருட்டறையில் மெஷினின் உறுமல் ஒரு திசையைக் காட்டியது. சத்தம் வருகிற பக்கம் போ என்று யாரோ சொன்ன மாதிரி. கை நீளவில்லை. ஆனால் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது நின்றது. மெஷின் அதே உறுமல், தரை அதே சாய்வு, பவுடர் அதே பவுடர். பள்ளத்துக்கு வரவேண்டிய கை வரவில்லை. அப்படியே நின்றது, வரமாட்டேன் என்று.

பிசியோ பெண் விடச் சொன்னாள்; விட்டேன்; ஊர்ந்தது. தள்ளச் சொன்னாள், தள்ளினேன், நின்றது. மறுபடி. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி. நகராமல் நின்றதுதான் விபத்துக்குப் பிறகு அந்தக் கை செய்த முதல் வேலை. அதில் என் பங்கு எவ்வளவு, மெஷின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை. ஆனால் விடும்போதும் தள்ளும்போதும் உள்ள வித்தியாசம் என்னுடையது. வேறு யாருக்கும் அதில் பாத்தியதை கிடையாது.

"நம்புறீங்களா," என்று கேட்டாள் என் மனைவி.

"கொஞ்சம்."

"கொஞ்சமாவது நம்புறாரும்மா. எழுதி வெச்சுக்கோ."

அதற்கப்புறம் தினமும் பள்ளத்துப் பக்கம் உட்கார்ந்து மேட்டை நோக்கித்தான் பயிற்சி. விரல் நுனி நடு வட்டத்தைத் தொட்டது. பிறகு வட்டத்தின் அந்தக் கரை. மெஷினை எடுத்துவிட்ட பிறகும் கை கொஞ்ச நேரம் அதை ஞாபகம் வைத்திருந்து தள்ளியது, பிறகு மறந்தது, பிறகு மறக்க எடுத்துக்கொள்கிற நேரம் நீண்டது. பஞ்சுத் தலையணைக்குள் யாரோ ஒரு கயிற்றைக் கட்டி முறுக்கேற்றியிருந்தார்கள்.

"இது மெஷினால வந்ததா, தானா வர வேண்டியது வந்ததா?" என்று பிசியோ பெண்ணிடம் கேட்டேன்.

"தெரியாது சார். மெஷின் வெக்காத இன்னொரு நீங்க இருந்தா, பக்கத்துல உக்கார வெச்சுப் பாக்கலாம்."

"ஐயோ, ஒருத்தரே போதும்மா," என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

கேரம் போர்டு முடிந்து கட்டிலுக்கு வந்தோம். பிசியோ பெண் என்னை ஓரத்தில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் கையை ஊன்றச் சொன்னாள். எனக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்தாள். நான் முழங்கையை நீட்டி உடம்பைத் தூக்க வேண்டும். தூக்குகிற அந்தக் கணத்தில் என் மனைவி பேப்பரை உருவ வேண்டும். கிழியாமல் வந்தால் உடம்பு மேலே போயிருக்கிறது என்று அர்த்தம். மெஷினைப் பிசியோ பெண் என் வலது கைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டாள். முதல் நாள் தலைப்புச் செய்தி பாதியாக வந்தது. பல நாள் நாட்டு நடப்பெல்லாம் கிழிந்தபடிதான் எங்கள் வீட்டுக் குப்பைக்கூடைக்குப் போனது. ஒருநாள் வரிவிளம்பரப் பக்கம் முழுசாக வந்தது. என் எடை விழாத ஓரத்திலிருந்து உருவினாயோ என்று மனைவியைக் கேட்டேன். பேப்பரைச் சுருட்டி என் தலையில் ஒரு போடு போட்டாள். மெஷின் இல்லாமலும் அது முழுசாக வந்த பிறகுதான் பிசியோ பெண் பலகைப் பாலத்தை எடுத்தாள். பலகையில் நகர்ந்து பழகினேன். ஆனால் அவள் பிடியில். என் இடுப்பில் பெல்ட் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு. தனியாக ஒருநாளும் இல்லை.

ஆடி வந்துவிட்டது.

முதல் நாள் அரைநாள் மட்டும் என்று கடையில் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். போகுமுன் என்னைக் கட்டில் ஓரத்தில், முதுகுக்குத் தலையணை அணைத்து உட்கார வைத்தாள். நாற்காலியைப் பக்கத்தில் நிறுத்தி பிரேக் போட்டாள். பலகையைச் சுவரில் சாய்த்தாள். "தொடாதீங்க. அது சும்மா பக்கத்துல இருக்கட்டும்," என்றாள். கீழே இருக்கிற வாட்ச்மேன் நடுவில் ஒருமுறை மேலே வந்து என்னை நாற்காலிக்கு மாற்றிவிடுவதாக ஏற்பாடு. ஊரூர்க் குப்பத்துக்காரர், கட்டுமரம் தள்ளிய தோள். என்னை மாற்றுவது அவருக்கு ஒரு கூடையை மாற்றுகிற மாதிரி. "நீ போக்கா, நான் பாத்துக்கிறேன், சாரு நம்ம ஆளு," என்று வாக்கும் கொடுத்திருந்தார். சாவியும் அவரிடம்தான்.

அவர் வரவில்லை. வெயில் கட்டிலின் கால்மாட்டிலிருந்து என் மடி வரை ஏறியது. நெற்றி வியர்த்தது. ஒரே இடத்தில் அதிக நேரம் உட்கார்ந்தால் தோல் புண்ணாகிவிடும்; அது எனக்குத் தெரியவே தெரியாமல் ஆகும் என்பதுதான் அதில் உள்ள விஷமம். போன் பண்ணினேன், கீழே எங்கேயோ அடித்தது, எடுக்கவில்லை. பலகையைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்ப்பதாகப் பட்டது.

மணிக்கட்டால் கொக்கிபோட்டுப் பலகையை இழுத்தேன். தொடைக்கடியில் செருகினேன். ஊன்றினேன். மெஷின் இல்லை, பெல்ட் இல்லை. கை நீண்டது. கொஞ்சம். பலகையில் ஒரு விரற்கடை போனேன். மறுபடி ஊன்றினேன். வலது முழங்கை ஒருமுறை மடங்கப் பார்த்தது. வரமாட்டேன் என்று நின்ற அந்த நிலையை அதற்கு ஞாபகப்படுத்தினேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. வெயில் என்னை விட்டுச் சுவருக்குப் போயிருந்தது. நான் நாற்காலியில் இருந்தேன்.

கொஞ்சம் கோணலாக. ஆனால் நாற்காலியில்.

அவள் வந்து கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, செருப்பைக் கழற்றினாள். "வாட்ச்மேன் வந்தாரா. நல்லது," என்றாள்.

"வரலை. நானே மாறினேன்."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவள் சிரிப்பு நின்றது. பால்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். பேச்சு எனக்கும் கேட்டது.

"சாரை நீங்கதானே மாத்தி உக்கார வெச்சீங்க?"

ஒரு சின்ன இடைவெளி. டீக்கடையிலிருந்து அப்போதுதான் திரும்பியவன் எடுத்துக்கொள்கிற இடைவெளி அது.

"ஆமாக்கா. பின்ன இன்னா. நான்தான் தூக்கி வெச்சேன். இன்னா வெய்ட்டுக்கா சாரு."

உள்ளே வந்தாள். "அவரே சொல்றாரு," என்றாள்.

"அவர் பொய் சொல்றாரு."

"அவர் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"நான் எதுக்குச் சொல்லணும்?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது, அசோக் நகரில், வெள்ளையடித்த சுவரோடு. போக இஷ்டமில்லாதவன் எதையும் சொல்வான் என்று அவள் நினைத்தாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். எத்தனையோ வாரம் என் கையையே நம்பாமல், அவள் கையைத் தலைமேல் வைக்கச் சொன்னவன் நான். இப்போது என் வார்த்தை பலகைமேல் கிடந்தது. அதைத் தள்ளிவிட ஒரு மெஷினும் இல்லை.

"செஞ்சு காட்டுங்க," என்றாள்.

முயன்றேன். கை இரண்டும் ஈரத் துணி மாதிரி தொங்கின. அன்றைக்கு இருந்ததையெல்லாம் பகலிலேயே செலவழித்துவிட்டிருந்தேன். அவள் பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்தாள். அண்ணனிடமிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டிருக்க வேண்டும். "காலையில சொல்றேன் மாமா," என்றாள்.

காலையில் காபிக்கு முன்னால், நானே கேட்டேன். பலகையைக் கொண்டா.

போட்டாள். பிறகு பின்னால் போய்ப் பீரோவில் சாய்ந்து நின்றாள். கடைக்குப் போகிற புடவை, தோளில் பை. நான் ஊன்றினேன். நீண்டது. நகர்ந்தேன். பாதிப் பாலத்தில் வலது முழங்கை நடுங்க ஆரம்பித்தது. பீரோவின் கைப்பிடி சத்தம் போட்டது. அவள் ஒரு அடி முன்னால் வந்துவிட்டிருந்தாள். வந்த இடத்திலேயே நின்றுகொண்டு, முந்தானை நுனியை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அதுதான் விழப்போகிறது என்கிற மாதிரி. உதவ வராமல் நிற்பது அவளுக்கு எவ்வளவு பெரிய வேலை என்று அந்த முறுக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் ஊன்றினேன். இன்னொரு முறை. நாற்காலியின் இருக்கை என்னை வாங்கிக்கொண்டது.

மூச்சு வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் புருவம் சுருங்கிக்கொண்டிருந்தது.

"அப்போ நேத்து அந்தாளு மேல வரவே இல்லை," என்றாள்.

"அதைத்தானே சொன்னேன்."

"சாவியைக் கையில வெச்சுக்கிட்டு, வெய்ட்டுன்னு வேற சொன்னான்."

அண்ணனுக்கு அவளே போன் போட்டாள். "இப்போ வேணாம் மாமா, இங்கேயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் கேள்வி முடிவதற்குள் வைத்துவிட்டாள். என் கோணலைச் சரிசெய்து, நாற்காலியைப் பால்கனி ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். தண்ணீர் பாட்டிலை என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்து, எட்டுகிறதா என்று என்னை எட்டவைத்துப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

கீழே வாட்ச்மேனின் குரல் கேட்டது. இல்லக்கா, அது இன்னா ஆச்சுன்னா, என்று ஆரம்பித்துப் பாதியில் நின்றது. அவள் குரல் கேட்கவே இல்லை. அவள் கோபம் அப்படி. பால்கனிக் கம்பி வழியாகத் தெருவைப் பார்த்தேன். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தின் பக்கம் வேகமாக நடந்தாள். முனையில் திரும்பினாள். இளநீர் வண்டிக்காரர் அந்த இடத்தை நிரப்பினார்.

தெரு அவளில்லாமல் தன் பாட்டில் ஓடியது. அவள் அப்படியே போய்விடுகிறவள் இல்லை. பின்பக்கச் சந்து வழியாகத் திரும்பி வந்து, லிஃப்ட் எடுக்காமல் படியேறி, கதவுக்கு வெளியே காதை வைத்து நிற்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம். கொஞ்ச நேரம் இருமாமல், அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.